அச்சமும் எள்ளலும்: வன்னி மக்களின் குற்ற அனுபவக் கதைகள் பற்றிய ஒரு நோக்கு

1

வன்னிப் பெருநிலத்தைப் பற்றி ஈழத்துத் தமிழ்த் திறனாய்வு இதுகாறும் இரு படிமங்களையே பெரிதும் பேணி வந்துள்ளது. ஒன்று, 1970களில் 'மண்வாசனை' என்னும் கருத்தின் வழியே உருப்பெற்றது. காடும் குளமும் வயலும் சூழக் கள்ளங்கபடமற்ற மாந்தர் வாழும் நிலம் என்பது அப்படிமம். மற்றையது 2009ஆம் ஆண்டிற்குப் பின்னர் உருப்பெற்றது. சொல்லி மாளாத துயரின் நிலம் என்பது அது. இரண்டிற்கும் மெய்யான அடிப்படை உண்டு. ஆயினும் இரண்டிலும் வன்னி மனிதன் பிறராற் பேசப்படுபவனாகவே நிற்கின்றான். முதலாவதில் அவன் வியக்கப்படுகின்றான், இரண்டாவதில் இரங்கப்படுகின்றான். அவன் தன்னைப் பற்றித் தானே என்ன சொல்கின்றான், எதனைக் கண்டு அஞ்சுகின்றான், அவ்வச்சத்தைச் சொல்லும்போது ஏன் சிரிக்கின்றான் என்னும் வினாக்கள் எழுப்பப்படவில்லை.

நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், பரந்தன் ஆகிய ஊர்களிற் கேட்ட மூன்று கதைகளிலிருந்து இக்கட்டுரை தொடங்குகின்றது. மூன்றும் சொன்னவர்களின் சொந்த அனுபவமாகவோ பெற்றோர் அனுபவமாகவோ சொல்லப்பட்டவை.

முதலாவது, முதியவர் ஒருவர் தம் தகப்பனாரைப் பற்றிக் கூறியது. வீட்டுக்கு வளைமரம் வெட்டிய குற்றத்துக்காகத் தகப்பனார் நீதிமன்றுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். யாரிடம் அனுமதி பெற்று வெட்டினாய் என்று நீதவான் வினவினார். "ஐயா, எங்கட காட்டிலை ஆனையிட்டைத்தான் கேக்கிறது. அது ஒண்டும் சொல்லேல்லை" என்றாராம் அவர். அபராதம் விதிக்கப்பட்டது. அதனைக் கட்டுவதற்கு மாடு விற்க நேர்ந்தது. மாட்டை வாங்கியவரோ அதே காட்டிலிருந்து அனுமதிப் பத்திரத்துடன் லொறி லொறியாக மரம் ஏற்றிய மரக்காலை முதலாளி.

இரண்டாவது, 2009ஆம் ஆண்டின் தொடக்கத்து இடப்பெயர்வுக் கதை. தருமபுரத்தில் ஒருவரின் சைக்கிள் களவு போயிற்று. சில நாள்களின் பின் வள்ளிபுனத்திற் செல்லடிக்கு ஒதுங்கப் பதுங்குகுழியொன்றினுட் குதித்தவர், முன்னரே அங்கிருந்த இளைஞனையும் வெளியே சாத்தியிருந்த தம் சைக்கிளையும் கண்டார். "தம்பி, சைக்கிளை வெளியிலை விட்டிட்டு இருக்கிறியள். செல் விழுந்தால் எனக்கெல்லோ நட்டம்" என்றார். அவனும் தயங்காது, "பின் ரயருக்கு நான்தான் அண்ணை ஒட்டுப் போட்டனான்" என்றான். செல்லடி ஓய்ந்ததும் இருவர் மூட்டைகளையும் அச்சைக்கிளில் ஏற்றி இருவருமாகத் தள்ளிச் சென்றனர்.

மூன்றாவதைச் சொன்னவர் ஒரு தாய். வீட்டைப் பூட்டிய திறப்பை முள்ளிவாய்க்கால் வரையிலும், பின்னர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் வரையிலும் அவர் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தார். 2010ஆம் ஆண்டில் மீண்டு வந்தபோது கூரைத் தகரமில்லை, யன்னலில்லை, கதவு நிலைகூட இல்லை. வாசலிற் பூட்டு மட்டும் பூட்டியபடியே கிடந்தது. "திறப்பு என்னட்டை இருக்கெண்டு கள்ளனுக்குத் தெரிஞ்சிருக்கு. பாவம், பூட்டை வைச்சிட்டுப் போட்டான்" என்று சொல்லி அவர் சிரித்தார்.

இக்கதைகளிற் சில பொதுப் பண்புகளைக் காணலாம். சொல்பவர் முதலிற் சிரிப்பது தம்மைப் பார்த்தே. கள்ளன் அரக்கனாகச் சித்திரிக்கப்படுவதில்லை. சட்டம் ஒன்றில் இல்லாதிருக்கின்றது. அன்றேல் தவறான ஆளைப் பிடிக்கின்றது. எல்லாவற்றிற்கும் மேலாக, யார் குற்றவாளி என்னும் வினா கதையின் போக்கில் இடம்பெயர்ந்துவிடுகின்றது. இந்த இடப்பெயர்ச்சியே இக்கதைகளின் உயிர்நிலை என்பதும், அதற்கு வரலாற்று அடிப்படை உண்டு என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

2

1842ஆம் ஆண்டு ஒக்ரோபர், நவம்பர் மாதங்களில் இளம் மார்க்ஸ் ரைன் மாகாணப் பத்திரிகையொன்றில் விறகுத் திருட்டுச் சட்ட விவாதங்கள் பற்றித் தொடர் கட்டுரை எழுதினார். காட்டில் வீழ்ந்து கிடக்கும் சுள்ளியைப் பொறுக்குவது ஏழைகளின் வழக்காற்றுரிமை. அதனைத் திருட்டு எனப் பெயரிட்டதன் மூலம் காட்டுடைமையாளரின் நலன் சட்டத்தின் வடிவைப் பெற்றமையை அவர் அக்கட்டுரையில் எடுத்துக்காட்டினார். பொருளியல் வினாக்களை நோக்கி மார்க்ஸைத் திருப்பிய தொடக்கங்களுள் இதுவும் ஒன்றாகும். பிற்காலத்தில் ஈ. பி. தொம்சன் 1975ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், 1723ஆம் ஆண்டின் ஆங்கிலேயக் 'கறுப்புச் சட்டம்' மான் வேட்டையையும் மரம் வெட்டலையும் மரணதண்டனைக் குற்றங்களாக்கிய வரலாற்றை ஆராய்ந்தார்.

ரைன் மாகாணத்தில் நிகழ்ந்தது சற்றேறக்குறைய அதே காலத்தில் இலங்கையிலும் நிகழ்ந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் ஆக்கிரமிப்புக் கட்டளைச்சட்டம், உரித்து நிறுவப்படாத காடும் தரிசும் முடிக்குரியவை என ஊகித்தது. 1907ஆம் ஆண்டின் வனக் கட்டளைச்சட்டமும், 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டமும் தொடர்ந்து வந்தன. சேனை செய்தல், கம்பு வெட்டுதல், தேனெடுத்தல், வேட்டையாடுதல் ஆகியன வன்னிக் குடியானவனின் அன்றாட உழைப்பாக இருந்தவை. அவை ஒவ்வொன்றாக அனுமதிக்கும் தண்டத்துக்கும் உரியவையாயின. ஆகவே வன்னியிற் சாதாரண மனிதன் குற்றம் என்பதைச் சந்தித்த முதற் சந்தர்ப்பம், பெரும்பாலும் அவனே குற்றவாளியாக நிறுத்தப்பட்ட சந்தர்ப்பமாகும். யானையிடம் கேட்டேன் என்ற முதியவரின் விடையை அறியாமையின் வெளிப்பாடாகக் கொள்ளலாகாது. காட்டில் நடமாடி உயிரைப் பணயம் வைப்பவனுக்கும் காட்டைக் கண்ணாற் காணாது உடைமை கொண்டாடும் அரசுக்கும் இடையிலான முரண்பாடு அவ்விடையிற் செறிந்து கிடக்கின்றது.

இம்முரண்பாடு பிற்காலத்திற் கொடூரமான வடிவத்தையும் பெற்றது. முன்னைய இனவன்செயல்களால் மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்த தமிழ்த் தொழிலாளர் கென்ற், டொலர் பண்ணைகளிற் குடியமர்ந்திருந்தனர். 1984ஆம் ஆண்டில் அவர்கள் வெளியேற்றப்பட்டனர். அக்காணிகள் சிங்களக் கைதிகளும் அவர்தம் குடும்பத்தினரும் வாழும் திறந்தவெளிச் சிறைகளாக்கப்பட்டன. குற்றம் புரியாதோர் வெளியேறக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டோர் குடியேறினர். அதே ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் விடுதலைப் புலிகள் அப்பண்ணைகளைத் தாக்கியபோது கைதிகளும் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டனர். ஏழைகளை ஏழைகள்மேல் ஏவிய இவ்வரலாற்றில் யார் கள்ளன், யார் காவலன் என்ற வினா நகைச்சுவையின் எல்லையைக் கடந்துவிடுகின்றது. ஆயினும் அவ்வினாவையே வன்னியின் கதைகள் மீண்டும் மீண்டும் கேட்கின்றன என்பது மனங்கொளத்தக்கது.

3

இவ்வினா அண்மைக்காலத்தது மட்டுமன்று. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வழிபாட்டின் மையத்தில் இருப்பது ஒரு குற்ற வழக்கு. பிழைப்புத் தேடி அயலூர் சென்றவன்மேற் களவுப் பழி விழுகின்றது. உண்மைக் கள்ளனான பொற்கொல்லன் அரசனின் நம்பிக்கைக்குரியவனாக இருக்கின்றான். விசாரணையின்றித் தண்டனை நிறைவேற்றப்படுகின்றது. முல்லைத்தீவுப் பகுதியிற் கோவலன் கூத்து தலைமுறை தலைமுறையாக நிலைத்தமைக்குச் சமயப் பற்று ஒரு காரணம். கச்சேரி வாசலிலும் நீதிமன்ற வாசலிலும் அந்நியராக நின்ற மக்கள் அக்கதையில் தம் நிலையைக் கண்டனர் என்பதையும் உடன் கொள்ளல் வேண்டும். ஈழத்தில் வழங்கும் கண்ணகி காதைக்கு 'வழக்குரை' என்ற பெயர் நிலைத்திருப்பதும் கருதத்தக்கது.

அதே கோயிலைச் சார்ந்து 'பன்னிச்சையாடிய பாடற் சிந்து' என்னும் படைப்பும் உண்டு. அம்மனையும் பூசகரையும் இகழ்ந்த வெள்ளை அதிகாரி ஒருவனை, கோயிற் பன்னிச்சை மரம் குலுங்கித் தன் காய்களால் தாக்கியது என்பது அதனோடு தொடர்புடைய ஐதிகம். தெய்வத்தின் சீற்றம் இடியாகவோ தீயாகவோ வரவில்லை என்பதைக் கவனித்தல் தகும். அதிகாரத்தின் தலையிற் காய் விழுகின்றது. அடக்கப்பட்ட மக்கள் தம் அச்சத்துக்குக் காரணமானவனைக் கற்பனையிலேனும் கேலிக்குரியவனாக்கும் முறை இது. இரபலே பற்றி 1965ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில், மக்கட் சிரிப்பு அச்சத்தை வெல்லும் ஆற்றலுடையது என பக்தின் விளக்கியமை இங்கு நினைவுகூரத்தக்கது.

4

நவீன இலக்கியம் இம்மரபை எவ்வாறு கையாண்டது? அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973ஆம் ஆண்டில் வெளிவந்து அவ்வாண்டுக்கான சாகித்திய மண்டலப் பரிசையும் பெற்றது. தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட அந்நாவலிற் காடும் விலங்கும் இயற்கையின் சீற்றமும் தரும் அச்சங்கள் நுண்மையாகச் சித்திரிக்கப்பட்டுள்ளன. ஆயினும் பதஞ்சலியின் வாழ்வைக் குலைப்பது காடன்று. கல்வியும் நாகரிகமும் உடையவனாக வெளியிலிருந்து வரும் ஆசிரியன் சுந்தரலிங்கத்துடன் ஏற்படும் உறவே அதனைக் குலைக்கின்றது. இதனை ஆசிரியர் உளவியல் நுட்பத்தோடு காட்டியபோதிலும், அவ்வுறவிற் பொதிந்துள்ள ஏற்றத்தாழ்வு இயல்புணர்ச்சியின் விளைவாகவே கரைந்துவிடுகின்றது.

1977ஆம் ஆண்டில் வெளிவந்த செங்கை ஆழியானின் 'காட்டாறு' இக்குறையைப் பெரிதும் நிவர்த்தி செய்தது. அரச நிருவாகத்துள்ளிருந்து வன்னியைக் கண்ட அவ்வாசிரியர், அதிகாரிகளும் பணம் படைத்தோரும் கைகோத்துக் கிராமத்தைச் சூறையாடும் முறையை அம்பலப்படுத்தினார். குற்றம் தனிமனித ஒழுக்கக்கேடாகவன்றி அமைப்பின் செயற்பாடாகக் காட்டப்படுவது அந்நாவலின் வலிமை. எனினும் அதன் சிற்றூர் மக்கள் சினங்கொள்கின்றனர், துன்புறுகின்றனர், கிளர்ந்தெழுகின்றனர்; சுரண்டுபவனைப் பார்த்துத் தமக்குள் நகைக்கும் அறிவு அவர்களுக்குப் போதிய அளவில் வழங்கப்படவில்லை.

இவ்விடத்து லெனாட் வுல்வ் 1913ஆம் ஆண்டில் வெளியிட்ட 'காட்டிலுள்ள கிராமம்' ஒப்புநோக்கத்தக்கது. களம் அம்பாந்தோட்டைப் பகுதி. ஆயினும் சேனை, அனுமதிச் சீட்டு, தலைமைக்காரன், கடன் கொடுக்கும் வணிகன் என்னும் உறவுகள் வன்னிக்கும் பொருந்துவன. பாபுன் செய்யாத களவுக்காகச் சிறை செல்கின்றான். சிலிந்து தலைமைக்காரனையும் வணிகனையும் சுட்டுக் கொல்கின்றான். வாழ்நாளெல்லாம் துரத்தப்பட்ட அவனுக்குக் கைதான பின்னர்தான் ஓய்வு கிடைக்கின்றது. சிறையே ஆறுதலாகும் இந்த முரண்நகை, நீதிபதியாக இருந்து அத்தகைய வழக்குகளைக் கேட்ட குடியேற்ற அதிகாரி ஒருவரின் குற்றவுணர்விலிருந்து பிறந்தது. வன்னிக் கதை சொல்பவரின் எள்ளல் அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து, கூண்டினுள் நின்றவரிடமிருந்து பிறக்கின்றது. இரண்டும் ஒரே உண்மையைத் தொட்டாலும், முன்னையது இரக்கத்தையும் பின்னையது தோழமையையும் தோற்றுவிக்கின்றது.

5

போர்க்காலம் குற்றத்தின் வரைவிலக்கணத்தை மேலும் குழப்பியது. 1990 முதல் நடைமுறைக்கு வந்த பொருளாதாரத் தடையின்கீழ் எரிபொருள், சீமெந்து, பற்றரி முதலியன தடைப்பொருள்களாயின. வானொலியிற் செய்தி கேட்பதற்கான பென்ரோச் பற்றரியை மறைத்துக் கொண்டுவந்த தாய் கடத்தற்காரியானாள். மறுபுறம், 1991இல் விடுதலைப் புலிகளின் காவற்றுறையும், தொடர்ந்து 1993இல் அவர்களது நீதிமன்றங்களும் தோன்றின. ஒரு வன்னிவாசி வெளியேறுவதற்கு ஒரு தரப்பின் 'பாஸ்' தேவைப்பட்டது. வவுனியாவிற் தங்குவதற்கு மறுதரப்பின் 'பாஸ்' தேவைப்பட்டது. இரு சட்டங்களுக்கு இடையில் வாழ்பவன் ஏதோ ஒன்றிற்கேனும் எந்நேரமும் குற்றவாளியே.

இக்காலத்துப் பேச்சுவழக்கே ஓர் இலக்கியச் சான்றாகும். தலைக்குமேல் ஓயாது இரைந்த ஆளில்லா வேவு விமானத்துக்கு மக்கள் 'வண்டு' என்று பெயரிட்டனர். குண்டுபொழிந்த விமானம் ஒன்று 'சகடை' ஆயிற்று. இரவிற் பாம்பைப் பெயர்சொல்லாது 'பூச்சி' என்னும் பழைய வழக்கிற் பணிவு இருக்கின்றது. கொல்லும் இயந்திரத்துக்கு வீட்டுப் பெயர் சூட்டுவதிலோ அச்சத்தைக் கைக்கடக்கமான அளவுக்குச் சுருக்கும் முயற்சி இருக்கின்றது.

போருக்குப் பிந்திய எழுத்துகளுள் தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்' (2013) இப்பண்பை நன்கு உள்வாங்கியுள்ளது. பேரழிவின் நடுவிலும் சமையல், விலைவாசி, பொதி சுமத்தல், சிறு சச்சரவு என்பன தொடர்வதை அது காட்டுகின்றது. வீர வரலாறும் புலம்பலும் ஒருங்கே தவிர்க்கப்படுவதால், வாழ்வதற்கான பிடிவாதம் அதிற் துலங்குகின்றது. முன்னாட் போராளியான யோ. கர்ணனின் 'தேவதைகளின் தீட்டுத்துணி' (2010), 'சேகுவேரா இருந்த வீடு' (2012) ஆகிய தொகுதிகளில் எள்ளல் மேலும் கூர்மையடைகின்றது. அரசை மட்டுமன்றி, மக்களின் பெயராற் பேசிய இயக்கத்தையும் அது விட்டுவைக்கவில்லை. இதனை அவநம்பிக்கைவாதம் என ஒதுக்குவோர் உளர். அக்கதைகளின் நகைப்பு எப்பக்கத்திலிருந்து எழுகின்றது என்பதை நோக்கின் அக்கூற்று நிலைக்காது. கட்டளையிட்டவர்களைக் கட்டளைக்குட்பட்டவன் நகைப்பதே அங்கு மேலோங்கி நிற்கின்றது.

6

ஆயினும் மக்களின் சிரிப்பு அனைத்தையும் முற்போக்கானது எனப் போற்றுதல் தவறாகும். 2011ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் நாட்டின் பல பாகங்களிலும் பரவிய 'கிறீஸ் பூதம்' பற்றிய பீதி இதற்குத் தக்க சான்று. உடலிற் கிறீஸ் பூசிய மனிதர் இரவில் வீடுகளுட் புகுந்து பெண்களைத் தாக்குவதாகச் செய்தி பரவியது. யாழ்ப்பாணத்து நாவாந்துறையில் துரத்திச் சென்ற மக்களுக்கும் படையினருக்கும் மோதல் ஏற்பட்டது; பலர் கைதுசெய்யப்பட்டுத் தாக்கப்பட்டனர். புத்தளத்திற் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் கூட்டத்தாற் கொல்லப்பட்டார். வன்னிக் கிராமங்களும் இப்பீதிக்கு விலக்காக இருக்கவில்லை.

எண்ணெய் பூசிய கள்ளன் நம் கிராமியக் கதைகளில் நெடுங்காலமாக உலவுபவன். பிடிக்கப் பிடிக்க வழுக்கிச் செல்பவன் என்பதால் அவன் நகைப்புக்கும் உரியவன். இப்பழைய உரு 2011இற் புத்துயிர் பெற்றமை தற்செயலானதன்று. முறையிடச் சென்றால் விசாரிப்பவர் யார், விசாரிக்கப்படுபவர் யார் என்பது தெளிவற்றிருந்த படைமயச் சூழலில், பெயரிட்டுச் சொல்லவியலாத அச்சம் பூதத்தின் வடிவை எடுத்தது. அவ்வகையில் கிறீஸ் பூதம் ஒரு சமூக உருவகமாகும்.

ஆனால் சில மாதங்களுள் அது ஆடவரின் திண்ணைப் பகிடியாகியது. இருளிற் கறுத்த மாப்பிள்ளையைப் பூதமென்று அடித்த கதை போன்றன பெருகின. தறப்பாட் கொட்டில்களிற் கதவின்றி, கணவனை இழந்தோ காணாமலாக்கக் கொடுத்தோ, பிள்ளைகளுடன் தனித்துறங்கிய பெண்களுக்கு அந்த அச்சம் பகிடியாக இருக்கவில்லை. அவர்களின் முறைப்பாட்டை 'பெண்களின் பயம்' என்று நகைத்து ஒதுக்கிய சிரிப்பும், வதந்தி என்று மறுத்த அதிகாரபூர்வ அறிக்கையும் ஒரே பணியையே ஆற்றின. பூட்டைக் காட்டிச் சிரித்த தாயின் சிரிப்பையும் இச்சிரிப்பையும் ஒரே தட்டில் வைத்தல் இயலாது. முன்னையது இழந்தவள் தன் இழப்பின்மீது கொள்ளும் ஆட்சி. பின்னையது பிறர் அச்சத்தின்மீது கொள்ளும் ஆட்சி. யார், யாரைப் பார்த்து, எந்நிலையிலிருந்து சிரிக்கின்றார் என்பதே இத்துறையில் திறனாய்வின் முதல் அளவுகோலாதல் வேண்டும்.

7

1927ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றிற் பிராய்ட், தூக்குமேடைக்குச் செல்பவனின் நகைச்சுவையைத் தனிமனித அகங்காரம் யதார்த்தத்தின்மீது பெறும் வெற்றியாக விளக்கினார். வன்னிக் கதைகளுக்கு இவ்விளக்கம் போதாது. அவை ஒருவரோடு ஒருவர் பகிர்வதற்கெனவே ஆக்கப்பட்டவை. கேட்பவர் தம் கதையையும் சொல்லத் தொடங்கும்போதே நிறைவு பெறுபவை. பதுங்குகுழியிற் கள்ளனும் உடையவனும் பேசிய பேச்சில் உடைமையின் பொருளே மாறுகின்றது. எல்லாம் பறிபோன நிலையில் ஒரு சைக்கிளின் மெய்யான பயன் இருவர் சுமையையும் சுமப்பதே என்னும் அறிவு அங்கு பிறக்கின்றது. அது கோட்பாடாக வளராத அறிவாயினும், அறிவே.

இவ்விடத்தில் எம் தரப்பு மார்க்சியத் திறனாய்வின் குறையையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். பேராசிரியர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் இலக்கியத்தைச் சமூகத்தோடு பொருத்தி நோக்கக் கற்பித்தனர், அக்கடன் மறக்கற்பாலதன்று. அவர்வழி வந்த எம்மிற் பலர், எழுச்சியை நேரடியாகச் சுட்டாத மக்கட் குரலைப் பிற்போக்கெனவோ விரக்தியெனவோ முத்திரையிட்டோம். குடியானவன் கோபப்படும்போது குறித்துக்கொண்டோம். அவன் சிரித்தபோது எழுதுகோலை மூடிவைத்தோம். விளைவாக, தலைமுறைகளின் அனுபவம் பதிவின்றிப் போயிற்று.

இச்சிரிப்புக்கும் ஓர் எல்லை உண்டு. 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் நாள், வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலிற் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அத்தாய்மாருள் ஒருவரேனும் தம் பிள்ளையைப் பற்றிப் பகிடியாகச் சொன்னதை நான் கேட்டதில்லை. கூரை போன வீட்டைப் பற்றிச் சிரிக்கலாம். அக்கதைக்கு முடிவு உண்டு. பிடிபட்ட கள்ளனைப் பற்றியும் பிடிபடாத பூதத்தைப் பற்றியும் சிரிக்கலாம். கையளித்த பிள்ளைக்கு என்ன நேர்ந்தது என்பது சொல்லப்படாதவரை அக்கதை கதையாக முடிவதில்லை. முடியாத கதையில் நகைப்புக்கு இடம் பிறப்பதில்லை. மக்கள் எதனைப் பற்றிச் சிரிக்கின்றனர் என்பது அவர்கள் எதனைக் கடந்துவிட்டனர் என்பதைக் காட்டும். எதனைப் பற்றிச் சிரிக்க மறுக்கின்றனர் என்பது நீதி எங்கே நிலுவையில் உள்ளது என்பதைக் காட்டும்.

எனவே இத்துறையில் உடனடியாகச் செய்யவேண்டிய பணி, இவ்வனுபவக் கதைகளைச் சொன்னவரின் பேச்சுமொழியிலேயே, அவர் அடையாளம் காக்கப்பட்ட நிலையில், முறையாகத் தொகுப்பதாகும். சொன்னவை மட்டுமன்றிச் சொல்லாது விட்ட இடங்களும் குறிக்கப்படல் வேண்டும். பல்கலைக்கழக மாணவர் தம் ஊர்களிலேயே இதனைத் தொடங்கலாம். கதை சொல்லும் முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். இப்பணியைப் பிற்போடுவதற்கு எமக்கு அவகாசமில்லை.